பழைய தையல் குதிரையை மீண்டும் அன்றாட வேலைக்குக் கொண்டுவருதல்

ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையின் வழியாகவும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் செலுத்தி இழுப்பதே சேணத் தையல். இயந்திரத் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் நெகிழ்ந்து பிரியக்கூடும். சேணத் தையலில் ஒவ்வொரு துளையிலும் இரு நூல்கள் ஓடுவதால், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கி நிற்கும். இந்த வேலையில் வலக்கை, இடக்கை இரண்டும் ஓய்வின்றி இயங்குவதால், தைக்கப்படும் தோலை வேறொன்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்தின் வால்சால் போன்ற சேண நகரங்களின் தொழிலாளர்கள் வளைந்த இரு மரப்பட்டைகளால் ஆன இடுக்கியை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு தைத்தார்கள். வட அமெரிக்காவில் அதைவிடப் பெரிதாக, மேலே ஏறி அமர்ந்து, காலால் மிதித்துத் தோலை இறுக்கும் மரக்கருவி பரவலாகப் புழங்கியது. அதுதான் தையல் குதிரை.

குதிரை வண்டிகளும் குதிரை ஏர்களும் இருந்த காலத்தில் அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றில் இக்கருவி இருந்தது. சேணம் செய்பவரிடம் மட்டுமல்ல, அறுந்த வார்களைத் தானே தைத்துக்கொண்ட உழவரிடமும் அது இருந்தது. சேணம் பழுதுபார்க்கும் கருவிகளை சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்களே தங்கள் பட்டியல்களில் விற்றன. 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தபின், டிராக்டரும் சேர்ந்துகொள்ள, சேணத் தொழில் சில பத்தாண்டுகளில் சுருங்கியது. தையல் குதிரைகள் களஞ்சியங்களின் மூலைக்குப் போயின. இன்று பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் வாங்கப்படுபவற்றுள் பல, பூச்செடி வைக்கும் அலங்காரப் பலகைகளாக முடிகின்றன. இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை சில வாரப் பொறுமையான வேலையில் மீண்டும் தைக்கத் தயாராகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு முடிவை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாம் புதுப்பிப்பது கருவியின் செயலைத்தான், தோற்றத்தை அன்று. தாடைகள் சமமாகப் பொருந்த வேண்டும், மிதி தளர்வின்றி இழுக்க வேண்டும், கால்கள் ஆடாமல் நிற்க வேண்டும். இவை மூன்றுக்கும் தொடர்பில்லாத எந்தப் பரப்பையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டியதில்லை. நூறு ஆண்டுக் கைபட்டு வழுவழுப்பான மரத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால், அதை எந்தப் பூச்சாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தாடையின் பக்கவாட்டிலோ இருக்கைப் பலகையிலோ தயாரிப்பாளரின் முத்திரை மங்கலாக இருந்தால் அது முதல் உராய்விலேயே மறைந்துவிடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தையல் குதிரைகள் பல வகைப்பட்டவை; எனினும் அடிப்படை அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. கால்கள் பொருத்திய இருக்கைப் பலகையின் ஒரு முனையில் இரு தாடைகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றுள் ஒன்று அசையாதது. மற்றது கீழ்ப்பகுதியில் கீலாலோ போல்ட்டாலோ பிணைக்கப்பட்டு அசையும். கீழேயுள்ள மிதியிலிருந்து ஒரு தோல்வார் மேலேறி, அசையாத தாடையின் துளை வழியாகச் சென்று மற்றத் தாடையைப் பற்றியிருக்கும். மிதித்தால் வார் இழுபட்டுத் தாடைகள் மூடும். சிலவற்றில் வாருக்குப் பதிலாக நெம்புகோல் இருக்கும். மிதியைக் கீழேயே பூட்டி வைக்கும் பல் அமைப்பு கொண்டவையும் உண்டு.

உண்மையில் ஆராய வேண்டியது தாடைகளைத்தான். வார் நுழையும் துளையைச் சுற்றி மரம் பலவீனமாக இருப்பதால் விரிசல்கள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன. விரிசல் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் ஒட்டிவிடலாம். துளையிலிருந்து மேல்விளிம்பு வரை இரண்டாகப் பிளந்திருந்தால் புதிய தாடையே செய்ய வேண்டிவரும். அதை மனத்தில் வைத்து விலை பேசுவது நல்லது. கால்கள் ஆடுவதும், இரும்பு துருப்பிடித்திருப்பதும், வார் இற்றுப்போயிருப்பதும் அஞ்சத்தக்க குறைகள் அல்ல.

உளுத்த துளைகளைக் கண்டால் அவை பழையவையா, இப்போதும் வண்டு உயிரோடு இருக்கிறதா என்று அறிய வேண்டும். பழைய துளைகளின் ஓரம் மங்கி, உள்ளே அழுக்கேறியிருக்கும். புதியவற்றின் ஓரம் வெளிறிய மரநிறத்தில் கூர்மையாக இருக்கும். தட்டினால் மாவு போன்ற உளுத்தூள் உதிரும். ஐயமிருந்தால் கருவியின் அடியில் கறுப்புத் தாளை விரித்து, வெப்பமான மாதங்களில் சில வாரங்கள் அப்படியே விட்டுவையுங்கள். புதிய தூள் விழுந்தால் தெரிந்துவிடும். மிதிகட்டை போன்ற கழற்றக்கூடிய சிறு பாகங்களைப் பாலித்தீன் உறையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். உறைபெட்டியில் அடங்காத பெரிய பாகங்களுக்குப் போராக்ஸ் சேர்ந்த மரக்காப்புக் கரைசலைத் தூரிகையால் பூச வேண்டும். இக்கரைசல் எண்ணெய் ஏறாத வெற்று மரத்தில்தான் இறங்கும் என்பதால், எண்ணெய்ப் பூச்சு பற்றி நினைக்குமுன்பே இதை முடித்துவிட வேண்டும்.

வறண்ட களஞ்சியத்திலிருந்து ஈரப்பதம் மிகுந்த ஊருக்குக் கருவி வந்திருந்தால், பழுதுபார்க்கும் அறையிலேயே சில வாரங்கள் வைத்து மரத்தை அந்தக் காற்றுக்குப் பழக விடுங்கள். வந்த அன்று ஆடிய கால், மரம் சற்று உப்பியபின் தானாகவே இறுகிக்கொள்வதும் உண்டு.

துப்புரவும் பிரித்தெடுத்தலும்

முதலில் எல்லாக் கோணங்களிலிருந்தும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வார் எந்தத் துளையில் நுழைந்து எந்தப் பக்கம் வெளிவருகிறது என்பதைத் தனியாகவும் படமெடுங்கள். பிறகு உலர்ந்த தூரிகையால் தூசியை நீக்கி, டர்பன்டைனில் லேசாக நனைத்த பருத்தித் துணியால் மரத்தைத் துடையுங்கள். தாடைகளிலும் இருக்கையின் முன்பகுதியிலும் கறுப்பாகக் கெட்டிப்பட்டிருப்பது பெரும்பாலும் அழுக்கன்று. அக்காலத்தில் நூலுக்கு ஏற்றிய தார், குங்கிலியம், தேன்மெழுகு ஆகியவற்றின் படிவே அது. மழுங்கிய தகட்டால் மெல்லச் சுரண்டினால் பாளமாகப் பெயர்ந்து வரும். எஞ்சியதை டர்பன்டைன் கரைக்கும். சோப்பு நீரைப் பயன்படுத்தினால் துணியை நன்றாகப் பிழிந்துவிட்டு ஒரு முறை துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மரத்தை நீரில் ஊற விடுவதும் நீரைப் பீய்ச்சி அடிப்பதும் கூடாது.

கருவியில் பழைய வண்ணப்பூச்சு இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு ஈய வண்ணங்கள் 1978இல்தான் தடைசெய்யப்பட்டன. எனவே பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் அதன்மேல் கைவைக்காதீர்கள். உரிந்துவரும் இடத்தை மட்டும் ஈரத்துணியோடு சுரண்டி, முகக்கவசம் அணிந்து, உதிர்ந்தவற்றைத் தாளில் சேகரித்து அப்புறப்படுத்துங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது.

இரும்பு பாகங்களைக் கழற்றுவதில் அவசரம் ஆகாது. துருப்பிடித்த திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவையுங்கள். மறுநாள், வெட்டில் முழுமையாகப் பொருந்தும் அகலமுள்ள திருப்புளியை எடுத்து, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்து, அதன்பின் தளர்த்துங்கள். இறுக்கும்போது துருவின் பிடி உடைவதால் தளர்த்துவது எளிதாகும். அதற்கும் அசையாத திருகாணியின் தலையில் சூடான பற்றவைப்புக் கோலைச் சில நிமிடம் வைத்தால் இரும்பு விரிந்து சுருங்கி விடுபடும். பழைய போல்ட்டுகளின் மரை இன்றைய அளவுகளோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றையும் எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அதன் பெயரெழுதிய உறையில் போட்டு வைப்பது இன்றியமையாதது. சதுர நட்டுகளை மாற்றி அறுகோண நட்டுகளைப் போட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

துருவை இரும்பு நாரும் எண்ணெயும் கொண்டு தேய்த்து, செந்தூள் போனதும் நிறுத்திவிடுங்கள். அடியில் உள்ள கரும்பழுப்புப் படலம் இருக்கலாம். பிறகு இரும்பைச் சற்றுச் சூடாக்கித் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்து விடுங்கள். இந்த மெழுகுப் பூச்சைத் தவிர்க்கவே கூடாது. பட்டை வகைகளால் பதனிட்ட தோலில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரமான அத்தோலில் வெற்றிரும்பு பட்டால் நீலங்கலந்த கறுப்புக் கறை விழும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மையும் சாயமும் காய்ச்சியது இதே வேதிவினையால்தான். ஓக் மரத்திலும் இத்துவர்ப்பு உண்டு என்பதால், ஓக்கால் ஆன குதிரையில் ஆணிகளைச் சுற்றிக் கருவளையங்கள் தெரியும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் அவற்றை நீக்கும். அது நச்சுப் பொருள், கையுறையோடு கையாள வேண்டியது. என் கருத்தில் அந்த வளையங்களை விட்டுவைப்பதே மேல்.

கால்கள்

கால்களின் மேல்முனை இருக்கைப் பலகையின் துளைக்குள் ஏறி, மேலிருந்து அடித்த ஆப்பால் இறுகியிருப்பது வழக்கம். மரம் சுருங்கியதாலேயே அவை தளர்ந்திருக்கும். எபாக்சி என்னும் கெட்டிப்படும் செயற்கைப் பசையை இடுக்கில் ஊற்றி நிரப்புவது எளிது. ஆனால் அடுத்த முறை பழுதுபார்ப்பவருக்கு அதை எடுக்கவே முடியாது. அதற்குப் பதிலாக ஆப்பை உடைத்து எடுத்துக் காலைக் கழற்றுங்கள். உள்ளே மஞ்சள் பழுப்பாகக் காய்ந்திருப்பது வச்சிரமாக (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) இருந்தால் வெந்நீர்த் துணியாலேயே கரைந்து வந்துவிடும். துளையும் காலின் முனையும் நன்றாக உலர்ந்தபின், மீண்டும் வச்சிரமோ வெள்ளைப் பசையோ தடவிக் காலை ஏற்றி, புதிய ஆப்பை அடியுங்கள். பழைய பசையோ எண்ணெயோ மிச்சமிருக்கும் மரத்தில் வெள்ளைப் பசை பிடிக்காது என்பதால், வெற்று மரம் தெரியும்வரை துடைத்தல் அவசியம்.

ஆப்பின் திசையில் கவனம் வேண்டும். ஆப்பின் அகலம் இருக்கைப் பலகையின் இழைக்குக் குறுக்காக அமைய வேண்டும். இழையின் போக்கிலேயே வைத்து அடித்தால் அது பலகையைப் பிளந்துவிடும். ஒரு முழு நாள் உலர விட்டபின், சமதளத்தில் நிறுத்தி, ஆடினால் குறைந்த காலின் அடியில் சில்லு வைத்துச் சமன்செய்து, மற்றக் கால்களில் கோடிட்டு அளவாக அறுத்துக்கொள்ளலாம்.

இருக்கைப் பலகையின் விரிசல் ஏதாவது ஒரு கால்துளையைத் தொட்டால் பசையிட்டுக் கிளாம்பால் இறுக்க வேண்டும். தொடாத விரிசலைப் பேசாமல் விடுங்கள். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். கெட்டியான நிரப்பி அந்த அசைவைத் தடுத்து, வேறிடத்தில் புதிய விரிசலை உண்டாக்கும்.

தாடைகள்

இந்தக் கருவியின் உயிர் தாடைகளின் மேல்விளிம்பில் இருக்கிறது. நன்கு அமைந்த தாடைகள் மூடும்போது முதலில் மேல்விளிம்பு முழு அகலத்திலும் ஒன்றையொன்று தொட வேண்டும். அதற்குக் கீழே சிறு இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் மிதியின் அழுத்தம் முழுவதும் தையல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து சேரும். கீழ்ப்பகுதி முதலில் தொட்டால், எவ்வளவு மிதித்தாலும் தோல் மேலே நழுவிக்கொண்டே இருக்கும். பலர் தையல் குதிரையைப் பயனற்றது என்று ஒதுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு பொருத்தமின்மையே.

தாடைகளில் ஒட்டியிருக்கும் பழைய தோல்பட்டையை முதலில் அகற்றிவிட்டு மரத்தை மரத்தோடு சோதியுங்கள். மூன்று தாள் கீற்றுகளை இடது ஓரத்திலும் நடுவிலும் வலது ஓரத்திலும் வைத்து மிதித்து இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே அளவு எதிர்ப்பைக் காட்ட வேண்டும். ஒன்று எளிதில் உருவி வந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். எங்கே மரத்தை எடுக்க வேண்டும் என அறிய, ஒரு தாடையின் உட்பரப்பில் கரித்தூளோ சுண்ணக்கட்டியோ தேய்த்து மூடித் திறங்கள். எதிர்த் தாடையில் பதிந்த இடங்களே மேடானவை. அவற்றை மட்டும் மெல்லிய அரத்தால் ஓரிரு இழுப்பு எடுத்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் சோதியுங்கள். இது நிதானமான வேலை. இழைப்புளியால் ஒரே வீச்சில் சமன்செய்ய முனைந்தால் வேண்டியதற்கு மேல் மரம் போய்விடும்.

சில வேளைகளில் குறை மரத்தில் இராது. கீலின் துளை தேய்ந்து தாடை பக்கவாட்டில் ஆடுவதால் விளிம்புகள் விலகி நிற்கும். கரித்தூள் சோதனை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தைக் காட்டினால் இதுதான் காரணம். அப்போது மரத்தை எடுக்காமல், கீலின் இருபுறமும் மெல்லிய தோல் வாஷர்களைச் செருகி ஆட்டத்தை நீக்குங்கள். தேய்ந்த துளைக்குள் தோலைச் சுருட்டி வைத்துப் போல்ட்டை ஏற்றுவதும் நன்றாகவே உழைக்கும்.

பொருத்தம் சரியானபின் உட்பரப்புக்குப் புதிய தோல் ஒட்ட வேண்டும். சாயமேற்றாத, பட்டைப் பதனிட்ட, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் இதற்கு ஏற்றது. ஆவாரம்பட்டை கொண்டு பதனிடும் மரபு திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவ்வகைத் தோல் கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். சாயத்தோல் வேண்டாம் என்பதற்குக் காரணம், ஈரமான வேலைத்தோலில் அதன் நிறம் ஏறிவிடும் என்பதே. சொரசொரப்பான உட்புறத்தை வெளியே வைத்தால் பிடிப்பு கூடும், ஆனால் தைக்கும் தோலின் முகப்பில் தடம் பதியும். மென்மையான மேற்புறத்தையே வெளியே வைக்குமாறு நான் பரிந்துரைக்கிறேன். தாடைகள் சரியாகப் பொருந்தியிருந்தால் கூடுதல் சொரசொரப்பு தேவைப்படாது.

மரத்தையும் தோலின் உட்புறத்தையும் உப்புத்தாளால் லேசாகக் கீறி, செருப்புத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷனை இரண்டிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின் ஒட்டி அழுத்துங்கள். தோல் மேல்விளிம்பைத் தாண்டி மடிந்து, தாடையின் வெளிப்புறத்தில் சற்றுக் கீழிறங்கி, அங்கே சிறு ஆணிகளால் நிற்கட்டும். உட்பரப்பில் ஓர் ஆணித்தலைகூட இருக்கக் கூடாது. ஒட்டியபின் தாள் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

வார்

பழைய வாரை விரலால் தேய்த்தால் செம்பழுப்புத் தூள் வருகிறதா என்று பாருங்கள். பட்டைப் பதனிட்ட பழந்தோலில் காற்றின் அமில மாசுகளால் நேரும் இந்த நலிவை எந்த எண்ணெயும் குணப்படுத்தாது. முழு உடல் எடையோடு மிதிக்கும்போது அவ்வார் அறுந்துவிடும். அதை அளவு மாதிரியாக வைத்துக்கொண்டு புதியது வெட்டுங்கள். முதுகெலும்பை ஒட்டி, அதற்கு இணையாக எடுத்த 4 முதல் 5 மில்லிமீட்டர் கனமுள்ள சேணத்தோல் வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் இழுபட்டு நீண்டுகொண்டே போகும். அகலம் தாடைத் துளையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். வார் உரசும் மரத்துளையின் ஓரங்களை உருண்டையாக அராவி, வாரின் விளிம்புகளையும் மழுக்கி மெழுகு தேய்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறையும். நீளத்தை அளக்கும்போது, தாடைகள் இறுகிய நிலையிலும் மிதி தரையைத் தொடாமல் நாலைந்து விரற்கடை உயரத்தில் நிற்குமாறு பார்த்து, நீளத்தை மாற்றிக்கொள்ள 2 சென்டிமீட்டருக்கு ஒரு துளையாக ஆறேழு துளைகள் இடுங்கள்.

பூச்சும் முதல் வேலையும்

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். அதே அளவு டர்பன்டைன் கலந்து துணியால் மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு முறை பூசுங்கள். கடையில் விற்கும் காய்ச்சிய வகை ஓரிரு நாளில் காயும். பச்சை எண்ணெய்க்கு நாட்கள் பல ஆகும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை மரத்தில் காய்ந்து இறுகுவதில்லை. பிசுபிசுத்துக் கிடந்து, தைக்கும் தோலில் கறைபடுத்தும். வார்னிஷ் இருக்கையை வழுக்கச் செய்யும், தாடையின் விளிம்பில் செதிலாக உரியும். தாடைத்தோலில் எண்ணெய் படவே கூடாது.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணி காயும்போது வெப்பத்தை வெளியிடும்; கசக்கிக் குவித்து வைத்தால் அது தானாகவே தீப்பற்றும். பயன்படுத்திய துணிகளை உடனே நீரில் முக்கி எடுத்து, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

எண்ணெய் காய்ந்ததும் ஏறி அமர்ந்து பாருங்கள். முழங்கைகள் உடலோடு ஒட்டித் தளர்ந்திருக்கும்போது கைகள் தாடையின் மேல்விளிம்புக்கு இயல்பாக வர வேண்டும். தோளை உயர்த்த நேர்ந்தால் இருக்கையில் தடித்த மெத்தை போடுங்கள். முதுகு வளைந்தால் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து முழுக் கருவியையும் உயர்த்துவதைவிட, மெத்தையை மெலிதாக்குவது சரியாகும். முதலில் உதவாத இரு தோல்துண்டுகளை ஒட்டி, ஓர் அங்குலத்துக்கு ஏழு அல்லது எட்டுத் தையல் வீதம் ஒரு சாண் நீளம் தைத்து, தோலின் முகப்பில் தாடைத்தடம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் அழுத்தம் மிகுதி. வாரை ஒரு துளை தளர்த்துங்கள். தோல் நழுவினால் ஒரு துளை இறுக்குங்கள். புதிய வார் முதல் சில வாரங்களில் சற்று நீளும் என்பதால் மிதி மெல்ல மெல்லத் தரையை நெருங்கும்; அப்போது அடுத்த துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மிதியின் பூட்டை விடுவித்துத் தாடைகளைத் திறந்தே வைத்தால், தாடைத்தோல் நசுங்கிக் கெட்டிப்படாமலும் வார் வீணாக இழுபடாமலும் இருக்கும்.